மாயக் கதைகளில் வண்ணங்கள்

நாம் விரும்பிப் படிக்கும் மேனாட்டு மாயக் கதைகளில் நல்ல மந்திரத்திற்கு வெள்ளை, தீய மந்திரத்திற்குக் கறுப்பு என்பது நெடுநாள் வழக்கம். ஒளியை நன்மைக்கும் இருளைத் தீமைக்கும் அடையாளமாகக் கொண்டதே இதற்குக் காரணம். 1900-ஆம் ஆண்டில் அமெரிக்கரான ஃபிராங்க் பாம் எழுதிய ஓஸ் நாட்டுக் கதையில், சிறுமி டாரதிக்கு உதவும் வடதிசைச் சூனியக்காரி வெள்ளுடையில்தான் வருகிறாள்.

ஆக்ஸ்போர்டில் ஆசிரியர்களாயிருந்த இரு நண்பர்களின் கதைகளிலோ இவ்வழக்கம் மாறுகிறது. 1950-இல் வெளிவந்த சி. எஸ். லூயிஸின் நார்னியாக் கதையில், கொடியவளின் பெயரே வெள்ளைச் சூனியக்காரி! அவள் ஆட்சியில் நாடெங்கும் ஓயாத பனிக்காலம். இனிப்பைக் கொடுத்து மயக்கி, எட்மண்ட் என்னும் சிறுவனை உடன்பிறந்தாரையே காட்டிக்கொடுக்கச் செய்கிறாள். இங்கே வெண்மை தூய்மையன்று; உயிரற்ற குளிர்.

ஜே. ஆர். ஆர். டோல்கீனின் 'தி லார்டு ஆஃப் தி ரிங்ஸ்' 1954, 1955-ஆம் ஆண்டுகளில் வெளிவந்தது. அதில் மந்திரவாதிகளின் தலைவனான சாருமான் வெள்ளை அங்கி அணிந்தவன். அதிகார ஆசையால் கெட்டுப்போகிறான். சாம்பல்நிற அங்கி அணிந்த காண்டால்ஃபோ தோழர்களைக் காக்க உயிரையே கொடுக்கிறார். அவர் மீண்டும் உயிர்பெற்று வரும்போது வெண்ணிறம் அவருக்கு உரியதாகிறது.

'வெளுத்ததெல்லாம் பாலல்ல' என்பது நம் முன்னோர் வாக்கு. ஆயினும் நாடகம் என்றால் சம்மனசு வேடத்திற்குச் சிவப்பான பெண்ணையும், பிசாசு வேடத்திற்குக் கறுப்பான பெண்ணையும் தேடுவது இன்றும் உண்டு. அன்புத் தோழியரே, அந்த வழக்கத்தையும் நாம் மாற்றினால் என்ன?