மட்டக்குதிரையின் வாய்க்கு ஏற்ற கடிவாளம்

மோட்டார் வாகனங்கள் பெருகியுள்ள இக்காலத்திலும் மட்டக்குதிரையின் உழைப்பு நம் நாட்டில் முற்றும் ஒழிந்துவிடவில்லை. கேதார்நாத், வைஷ்ணவ தேவி முதலிய யாத்திரைத் தலங்களின் மலைப்பாதைகளில் அது மக்களையும் பொருள்களையும் சுமக்கிறது; வட இந்தியச் சிறு நகரங்களில் டாங்கா வண்டியை இழுக்கிறது; செங்கற் சூளைகளில் வேலை செய்கிறது. 2012-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் குதிரைகளும் மட்டக்குதிரைகளும் சேர்ந்து ஏறக்குறைய 6.25 லட்சம் இருந்தன. 2019-ஆம் ஆண்டில் நடைபெற்ற 20-ஆவது கால்நடைக் கணக்கெடுப்பில் அவை சுமார் 3.4 லட்சமாகக் குறைந்தன. எண்ணிக்கை குறைந்தாலும், உழைக்கும் குதிரை ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்தின் ஜீவனத்துக்கு ஆதாரமாக இருப்பதை நாம் மறத்தலாகாது.

இத்தகைய குதிரைகளுள் சில கடிவாளத்தை எளிதில் ஏற்பதில்லை. பூட்டும்போது தலையை உயர்த்தும். ஓட்டும்போது தலையை உதறும். வாயைத் திறந்து நாக்கைக் கம்பிக்கு மேலாக இழுத்துக்கொள்ளும். ஒரு பக்கமாகவே சாயும். உரிமையாளர் இதனை முரட்டுக் குணம் என்று கருதி, முறுக்கிய கம்பியையோ முள் பதித்த கம்பியையோ வாயில் இடுவது பல இடங்களில் காணப்படும் வழக்கம். வலியால் தலையை உதறும் பிராணிக்கு மேலும் வலியூட்டினால் அது அடங்குவதில்லை; மிரண்டு ஓட முற்படும். ஒரு புறம் மலைச்சரிவும் மறு புறம் பள்ளத்தாக்குமாக உள்ள பாதையில் இதன் விளைவு குதிரைக்கு மட்டுமன்றி, அதன் மேல் அமர்ந்தவருக்கும் ஆபத்தாகும். ஆகவே, குதிரையின் முரண்டை ஓர் அறிகுறியாகக் கொண்டு காரணத்தை முதலில் ஆராய்ந்து, அதன் பின்னரே கடிவாளத்தைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும். அம்முறையை ஈண்டு விளக்குவோம்.

வாயின் அமைப்பு

கடிவாளத்தில் மூன்று பகுதிகள் உள்ளன: தலையைச் சுற்றியுள்ள தலைவார், வாயினுள் கிடக்கும் வாய்க்கம்பி, ஓட்டுபவர் கையிலுள்ள லகான். இவற்றுள் தொல்லை பெரும்பாலும் வாய்க்கம்பியைச் சார்ந்தே எழுகிறது.

குதிரையின் ஒவ்வொரு தாடையிலும் முன்புறம் ஆறு வெட்டுப்பற்களும், பின்புறம் பக்கத்துக்கு ஆறு கடைவாய்ப்பற்களும் உள்ளன. இவற்றுக்கிடையே பல்லில்லாத இடைவெளி ஒன்று உண்டு. வாய்க்கம்பி தங்குவது இவ்விடைவெளியிலேயாகும். இங்கே கீழ்த்தாடை எலும்பின் விளிம்பு குறுகலாக இருக்கிறது. அதன் மேல் மெல்லிய ஈறு மட்டுமே போர்த்தியுள்ளது. நாக்கு வாயின் உள்ளிடத்தை ஏறக்குறைய நிரப்பிவிடுகிறது. எனவே வாய்க்கம்பிக்கென வெற்றிடம் எதுவும் இல்லை. அது நாக்கை அழுத்திக்கொண்டுதான் அமர இயலும்.

ஆண் குதிரைகளுக்கு இவ்விடைவெளியில் கோரைப்பற்களும் முளைப்பதுண்டு. சில குதிரைகளுக்கு மேல்தாடையின் முதற் கடைவாய்ப்பல்லுக்கு முன்னால் ஓநாய்ப்பல் எனப்படும் சிறு பல் காணப்படும். கம்பி அதன் மேல் மோதினால் வலியுண்டாகும். இரண்டரை வயது முதல் ஐந்து வயது வரை பாற்பற்கள் விழுந்து நிலைப்பற்கள் முளைப்பதால், அப்பருவத்தில் நன்கு பழகிய குதிரையும் திடீரென முரண்டு செய்யக்கூடும்.

மேல்தாடை கீழ்த்தாடையைவிட அகலமானது. ஆதலால் கடைவாய்ப்பற்கள் தேயும்போது, மேற்பற்களின் வெளிவிளிம்பும் கீழ்ப்பற்களின் உள்விளிம்பும் கூர்மையாகின்றன. கம்பியும் வாரும் கன்னத்தை இக்கூரிய விளிம்பின் மீது அழுத்துவதால் உட்புறத்தில் புண் தோன்றுகிறது.

படிப்படியாகக் கவனித்தல்

ஊழியர் வந்தவுடன் கடிவாளத்தை மாற்ற முற்படலாகாது. கீழ்க்கண்ட வரிசையில் குதிரையைக் கவனித்தால் காரணம் பெரும்பாலும் தானே விளங்கும்.

1. கடிவாளமின்றித் தீனி தின்னும்போது பார்க்கவும். பாதி மென்ற புல்லை உருண்டையாகக் கீழே போட்டால், பல் நோய் உண்டென ஐயுறலாம்.

2. தலைக்கயிற்றால் மட்டும் நடத்திப் பார்க்கவும். அப்போதும் தலையை உதறினால் காரணம் வாய்க்கம்பி அன்று. காது, கண், பிடரி, கழுத்து, குளம்பு ஆகியவற்றையும் சேணம் அழுத்தும் இடத்தையும் சோதிக்க வேண்டும்.

3. கடிவாளம் பூட்டி, லகானைத் தொடாமல் நிற்க விடவும். அமைதியின்மை இப்பொழுதே தோன்றினால் கம்பியின் அளவோ, அது தங்கும் நிலையோ பொருந்தவில்லை எனக் கொள்ளலாம்.

4. லகானை மென்மையாகப் பிடித்து இரு புறமும் திருப்பவும். ஒரு புறம் மட்டும் எதிர்ப்புக் காட்டினால் அப்பக்கத்துப் பல்லையும் ஈற்றையும் நுணுகி ஆராய வேண்டும்.

5. உரிமையாளர் வழக்கம்போல் ஓட்டுவதைப் பார்க்கவும். இப்போது மட்டும் முரண்டு தோன்றினால், திருத்தம் வேண்டுவது ஓட்டுபவரின் கைக்கேயாகும்.

ஓர் எச்சரிக்கை

எச்சில் ஒழுகுதலும் விழுங்க இயலாமையும் வெறிநோயின் அறிகுறிகளாகவும் இருக்கலாம். அத்தகைய குதிரையின் வாயில் எக்காரணத்தைக் கொண்டும் கையிடலாகாது. மூக்கிலிருந்து கெட்டியான சளி ஒழுகி, தோலில் முடிச்சுகளும் புண்களும் காணப்பட்டால் கிளாண்டர்ஸ் நோய் எனச் சந்தேகிக்க வேண்டும். அது மனிதருக்கும் தொற்றக்கூடியது. இவ்விரு நிலைகளிலும் குதிரையைத் தனியே கட்டி, கால்நடை மருத்துவருக்கு உடனே தெரிவித்தல் கடமையாகும். ஒரு குதிரையின் வாய்க்கம்பியைக் கழுவாமல் மற்றொன்றுக்கு இடுவதும் கூடாது.

வாயைச் சோதித்தல்

ஐயத்துக்கு இடமில்லாத குதிரையைக் கையுறை அணிந்து சோதிக்கலாம். குதிரையின் பக்கவாட்டில் நின்று, உதடுகளை மெல்ல விலக்கி, உதட்டின் மூலை, பல்லில்லா இடைவெளியின் ஈறு, நாக்கின் விளிம்பு, கன்னத்தின் முற்பகுதி ஆகியவற்றை நல்ல வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். நாக்கை வலிந்து இழுத்தலாகாது. கடைவாயின் பின்பகுதியைத் தக்க கருவி கொண்டு மருத்துவரே சோதிப்பார். கூரிய விளிம்பை அரத்தால் தேய்ப்பதும் ஓநாய்ப்பல்லை எடுப்பதும் அவருக்குரிய பணிகளே.

வெளியே இரத்தம் தெரியவில்லை என்பதால் வாயில் காயமில்லை என்று முடிவு செய்தல் தவறு. பின்லாந்து நாட்டில் பந்தயம் முடிந்த 261 குதிரைகளின் வாயைச் சோதித்து, 2019-இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வில், 84 சதவிகிதத்துக்குக் கம்பி தங்கும் பகுதியில் புதிய காயங்கள் இருந்தன. வாய்க்கு வெளியே இரத்தம் காணப்பட்டதோ 2 சதவிகிதத்தில் மட்டுமே. ஆகவே வாயைத் திறந்து பாராமல் கூறும் முடிவு மதிப்பற்றது.

புண் இருப்பின், அது ஆறும் வரை வாயில் கம்பி இடாமல் ஓய்வு கொடுப்பதே முதற் சிகிச்சை. காயத்தின் வழியாக இரணஜன்னி வரும் அபாயம் உள்ளமையால், தடுப்பூசி போடப்பட்டுள்ளதா என விசாரித்தறிய வேண்டும்.

அளவும் வகையும்

பெரிய குதிரைக்குச் செய்த கம்பியை மட்டக்குதிரைக்கு இடுவது பொதுவான பிழை. மிக நீண்ட கம்பி பக்கவாட்டில் நகர்ந்து ஈற்றைத் தேய்க்கும். மிகக் குறுகிய கம்பி உதட்டின் மூலையைக் கிள்ளும். வழவழப்பான மரக்குச்சி ஒன்றைக் கம்பி தங்கும் இடத்தில் குறுக்கே வைத்து, இரு உதட்டு மூலைகளிலும் அடையாளமிட்டு அளந்துகொள்ளலாம். அவ்வளவைவிடப் பக்கத்துக்கு 3 முதல் 5 மில்லிமீட்டர் வரை கூடுதலாக உள்ள கம்பி பொருத்தமானது.

தடித்த கம்பி எப்போதும் மென்மையானது என்னும் கருத்தும் திருத்தத்துக்குரியது. மெல்லிய கம்பி அழுத்தத்தை ஒரு சிறு இடத்தில் குவிக்கிறது என்பது உண்மையே. எனினும் தடித்த நாக்கும் தாழ்ந்த மேலண்ணமும் உள்ள சிறு வாயில், மிகத் தடித்த கம்பி வாயை மூட விடாமல் தடுக்கும். நடுத்தரத் தடிப்பே பெரும்பாலான மட்டக்குதிரைகளுக்கு ஏற்றது.

நேரான அல்லது சற்றே வளைந்த ஒற்றைக் கம்பி அசைவு குறைந்தது. வாயில் அசையும் கம்பியை வெறுக்கும் குதிரைக்கு இது ஒத்துவரும். இரண்டு மூட்டுகள் கொண்ட கம்பி நாக்கின் வடிவுக்கு ஏற்ப வளைவதால், நாக்கின் அழுத்தத்தைப் பொறாத குதிரைக்கு ஏற்றது. சுழலும் வளையம் உதட்டைக் கிள்ளுமாயின் அசையாத வளையத்தை நாடலாம். நெம்புகோல் வகையில், கம்பிக்கு மேற்பட்ட கை 4 செண்டிமீட்டரும் கீழ்ப்பட்ட கை 12 செண்டிமீட்டருமாக இருப்பின், தாடைச் சங்கிலி இறுகிய நிலையில், இழுத்த விசை சங்கிலியில் 3 மடங்காகவும் வாய்க்கம்பியில் 4 மடங்காகவும் தாக்கும். முரண்டு செய்யும் குதிரைக்கு இதனை முதலில் நாடுதல் தகாது.

எவ்வகையாயினும் கம்பி வழவழப்பாக இருக்க வேண்டும். துருப்பிடித்த இரும்பையும் தேய்ந்து கூர்மையான மூட்டையும் விலக்குக. துருப்பிடிக்காத எஃகு எளிதில் சுத்தம் செய்யத்தக்கது. லடாக், ஸ்பிதி போன்ற குளிர்ப்பிரதேசங்களில் கம்பியைக் கையில் வைத்துச் சூடாக்கிய பின்னரே வாயில் இடுதல் நலம்.

பொருத்துதலும் பழக்குதலும்

நேர்க் கம்பி உதட்டின் மூலையைத் தொட்ட அளவில் நிற்க வேண்டும். மூட்டுள்ள கம்பி அங்கே ஒரு மெல்லிய சுருக்கத்தை உண்டாக்கலாம். மிகத் தாழ்ந்தால் பல்லில் மோதும்; நாக்கை மேலே போடவும் இடங்கொடுக்கும். மூக்குவார் இருப்பின், மூக்கெலும்பின் மேல் இரு விரல்கள் எளிதில் நுழையும்படி தளர்த்துக. வாயைத் திறக்கிறதென்று அதனை இறுக்கிக் கட்டுவது அறிகுறியை மறைப்பதேயன்றி நோயைத் தீர்ப்பதாகாது.

புதிய கம்பியை ஒரு வாரமாவது குறைந்த வேலையில் சோதித்தல் வேண்டும். ஒரே நாளில் கம்பியையும் வாரையும் ஓட்டும் முறையையும் மாற்றினால், பயன் எதனால் விளைந்தது என்று அறிய இயலாது. குதிரை கட்டளைக்கு இணங்கிய கணமே லகானைத் தளர்த்துவதை உரிமையாளருக்குக் கற்பிக்க வேண்டும். இளைப்பாறும் நேரத்தில் கம்பியை அகற்றித் தீனியும் நீரும் கொடுப்பதும் அவசியம்.

முள் கம்பியைப் பற்றிச் சட்டமும் தெளிவாகவே உள்ளது. 1960-ஆம் ஆண்டு பிராணிவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 1965-இல் இயற்றப்பட்ட வண்டி மற்றும் பொதி சுமக்கும் பிராணிகள் பற்றிய விதிகளில், 8-ஆவது விதி முள்ளும் குமிழும் உள்ள கடிவாளங்களைத் தடை செய்கிறது. எனினும் வெறும் பறிமுதலால் பயன் நிலைக்காது. அதற்கு ஈடாக, குதிரையின் வாய்க்கேற்ற கம்பியை அளந்து காட்டி, அதனால் ஓட்டும் முறையையும் விளக்கினால்தான் பழைய கம்பி திரும்பி வராது.

ஆசிரியர்களுக்கு

விசை ஒன்றேயாயினும் பரப்புக் குறையும்போது அழுத்தம் மிகும் என்னும் விதியை இப்பொருளைக் கொண்டு கற்பிக்கலாம். ஒரு கிலோ எடையுள்ள பையை 20 மில்லிமீட்டர் அகலமுள்ள நாடாவினால் மாணவர் விரலில் சில விநாடிகள் தொங்கவிடச் செய்க. பின்னர் அதே பையை 2 மில்லிமீட்டர் தடிப்புள்ள கயிற்றினால் தொங்கவிடச் செய்க. அகலம் பத்தில் ஒரு பங்காகும்போது அழுத்தம் ஏறக்குறைய பத்து மடங்காவதை அவர்கள் தம் விரலிலேயே உணர்வர். அதன் பின், மெல்லிய ஈறு மட்டுமே போர்த்திய எலும்பின் மீது முள் கம்பி என்ன செய்யும் என்று வினவுக. குதிரைக்காரர் வீட்டுப் பிள்ளைகள் வகுப்பில் இருப்பின், இப்பாடம் அன்று மாலையே லாயத்தை எட்டும்.