நாவல் பழம்: ஜூஸ் கடைக்கும் ஓட்டலுக்கும்

ஆனி, ஆடியில் வத்திராயிருப்பு, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் கடைகளுக்கு வரும் நாவல் பழம் ஓரிரு நாளில் குழைந்துவிடும். வியாபாரத்துக்கு வாங்குவோர் கவனிக்க:

1. அன்றன்றைய தேவைக்கு மட்டும், காலையில் பறித்ததை வாங்கவும். வெயில் பட்ட பழம் சீக்கிரம் அழுகும்.

2. முழுக்கக் கறுத்து, பளபளப்பாக, தொட்டால் கெட்டியாக இருப்பதே சரி. சிவப்பு மாறாததை எடுக்க வேண்டாம். பறித்த பின் நாவல் பழுக்காது, துவர்ப்பும் போகாது.

3. கூடையின் மேலடுக்கை நம்பக் கூடாது. கையை விட்டு அடியிலிருந்து ஒரு பிடி எடுத்துப் பார்க்கவும். சாறு கசிந்து, புளித்த வாடை அடித்தால் என்ன விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம். நசுங்கிய ஒன்று பக்கத்தில் உள்ளதையும் கெடுக்கும்.

4. வந்ததும் கழுவ வேண்டாம். ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்கும். அகலத் தட்டில் இரண்டடுக்குக்கு மேல் போகாமல் பரப்பி ஃபிரிட்ஜில் வைத்து, பரிமாறும் முன் கழுவவும்.

5. மிஞ்சியதை அன்றே கொட்டை நீக்கிக் கூழாக்கி, சிறு பாக்கெட்டுகளாக மைனஸ் 18 டிகிரியில் உறைய வைக்கவும். எவர்சில்வர் பாத்திரமே நல்லது. அலுமினியம் புளிப்போடு சேர்ந்து ருசியைக் கெடுக்கும். உருகியதைத் திரும்ப உறைய வைக்கக் கூடாது.