சொந்தத் தொழிலா? எதை விற்கிறீர்கள் என்று பாருங்கள்

கம்ப்யூட்டர் தெரிந்த பலருக்கும் சொந்தமாகத் தொழில் தொடங்கும் ஆசை உண்டு. அதற்கு என்ன வேண்டும் என்று கேட்டால், பணம், புதிய ஐடியா என்பார்கள். மைக்ரோசாஃப்ட் வளர்ந்த விதத்தைப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது.

1980ம் ஆண்டு ஐபிஎம் தன் பெர்சனல் கம்ப்யூட்டருக்கு ஆப்பரேட்டிங் சிஸ்டம் கேட்டு மைக்ரோசாஃப்டிடம் வந்தது. அதற்கு ஏற்றது எதுவும் அப்போது பில் கேட்ஸ் கையில் இல்லை. சியாட்டிலில் ஒரு சிறிய கம்பெனியில் டிம் பேட்டர்சன் என்பவர் 86-டாஸ் என்ற சிஸ்டத்தை எழுதியிருந்தார். முதலில் லைசென்ஸ் எடுத்த மைக்ரோசாஃப்ட், 1981 ஜூலையில் மேலும் 50,000 டாலர் கொடுத்து அதை வாங்கிக் கொண்டது. ஆக, ஐடியா சொந்தமானதல்ல.

இனிதான் விஷயமே இருக்கிறது. ஐபிஎம்முக்கு டாஸைக் கொடுத்தபோது, மற்ற கம்பெனிகளுக்கும் அதை விற்கும் உரிமையைக் கேட்ஸ் தன்னிடமே வைத்துக் கொண்டார். 1982 இறுதியில் காம்பாக் அறிமுகமானது. தொடர்ந்து பல கம்பெனிகள் ஐபிஎம்முக்கு இணையான கம்ப்யூட்டர்களைக் கொண்டு வந்தன. எம்எஸ்-டாஸ் அவர்கள் எல்லோருக்கும் தேவைப்பட்டது. புரோகிராம் ஒன்றுதான், வசூல் பல இடத்தில்!

இதைப் படித்திருந்தும் நான் கோட்டை விட்டேன். ஒரு கடைக்கு பில்லிங் புரோகிராம் எழுதி, சோர்ஸ் கோடையும் சிடியில் போட்டுக் கொடுத்தேன். சில மாதங்களில் அதே புரோகிராம் வேறு பெயரில் பக்கத்துக் கடைகளில் ஓடியது. நான் எழுதியது என்று காட்ட என்னிடம் ஒரு துண்டுச் சீட்டு கூட இல்லை.

சட்டம் என் பக்கம்தான் இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. நம் நாட்டின் 1957ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தில் கம்ப்யூட்டர் புரோகிராமும் அடங்கும். சம்பளத்துக்கு வேலை பார்க்கும்போது அந்த வேலைக்காக எழுதினால் பொதுவாக உரிமை முதலாளிக்கு. வெளியாளாக ஒரு தனியார் கடைக்கு எழுதினால் எழுதியவருக்கு. அந்த உரிமையை மாற்றிக் கொடுக்க, கையெழுத்திட்ட எழுத்து ஒப்பந்தம் வேண்டும்.

எனவே முதல் ஆர்டரிலேயே ஒரு தாளில் எழுதி வாடிக்கையாளரின் கையெழுத்தை வாங்கி விடுங்கள்: புரோகிராமை எத்தனை கம்ப்யூட்டரில் பயன்படுத்தலாம், விற்கும் உரிமை யாருக்கு, சர்வீஸ் எத்தனை மாதம். சோர்ஸ் கோடு வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் கொடுக்கலாம். ஆனால் அதற்குத் தனி விலை போடுங்கள்.