அரசுப் பணத்தில் சிகிச்சை: எந்த நோய்க்கு எந்த வாசல்?

வீட்டில் ஒருவருக்கு உடம்புக்கு முடியாமல் போனால் உடனே எழும் கேள்வி, எங்கே கூட்டிப் போவது என்பது. அடுத்தது, எவ்வளவு செலவாகும் என்பது. தமிழ்நாட்டில் இந்த இரண்டுக்கும் அரசு ஒன்றுக்கு மேற்பட்ட பதில்களை வைத்திருக்கிறது. ஆனால் எந்த நோய்க்கு எந்த வாசலில் போய் நிற்க வேண்டும் என்பது பல குடும்பங்களுக்கு நெருக்கடி நேரத்தில்தான் தெரியவருகிறது. அதற்குள் நகை அடகுக்கடைக்குப் போயிருக்கும். முன்கூட்டியே தெரிந்துகொண்டால் பணத்தையும் காப்பாற்றலாம், சில நேரம் உயிரையும் காப்பாற்றலாம்.

பணம் வரும் மூன்று வழிகள்

முதல் வழி, வரிப்பணத்தில் அரசே நேரடியாக நடத்தும் மருத்துவ நிலையங்கள். துணை சுகாதார நிலையத்தில் தொடங்கி ஆரம்ப சுகாதார நிலையம், தாலுகா மருத்துவமனை, மாவட்டத் தலைமை மருத்துவமனை, மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்று இது படிப்படியாக மேலே போகிறது. இங்கே அட்டை தேவையில்லை, வருமானச் சான்று தேவையில்லை. ஓ.பி. சீட்டு போட்டால் போதும், மருத்துவர் பார்ப்பார், மாத்திரையும் இலவசம். இந்த மருந்துகளைத் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாக வாங்குகிறது. 1994-இல் தொடங்கப்பட்ட நிறுவனம் இது. மருந்துகள் ஆய்வகப் பரிசோதனையில் தேறிய பிறகுதான் மருத்துவமனைகளுக்கு அனுப்பப்படுகின்றன. பிற மாநிலங்கள் வந்து பார்த்துப் பின்பற்றிய முறை இது. 'கவர்மென்ட் மாத்திரை கேட்காது' என்ற பேச்சை நம்பிச் சிகிச்சையை விட்டுவிடாதீர்கள்.

இரண்டாவது வழி, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2012 ஜனவரியில் அது இப்போதைய வடிவத்துக்கு மாறியது. 2018-இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைந்தது. 2022 ஜனவரியிலிருந்து வருமான வரம்பு ஆண்டுக்கு 72,000 ரூபாயிலிருந்து 1,20,000 ரூபாயாக உயர்ந்தது. ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு உண்டு. பிரீமியத்தை அரசே கட்டிவிடுகிறது. அரசு மருத்துவமனையிலும், திட்டத்தில் சேர்ந்துள்ள தனியார் மருத்துவமனையிலும் இந்த அட்டை செல்லும். முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழர்களுக்கு வருமான வரம்பே கிடையாது.

மூன்றாவது வழி, ஈ.எஸ்.ஐ. இது 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்தது. 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர்களுக்கானது. இந்தச் சம்பள வரம்பு 2017-இல் நிர்ணயிக்கப்பட்டது. 2019 ஜூலை முதல் முதலாளி 3.25 சதவீதமும் தொழிலாளி 0.75 சதவீதமும் கட்டுகிறார்கள். ஈ.எஸ்.ஐ.யில் வேறெங்கும் இல்லாத ஒரு நன்மை உண்டு. சிகிச்சையோடு, வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 70 சதவீதமும் கிடைக்கும், ஆண்டுக்கு 91 நாள் வரை. பேறுகால விடுப்புக்கு 26 வாரச் சம்பளம் உண்டு. திருப்பூரிலோ ஸ்ரீபெரும்புதூரிலோ வேலை செய்யும் பல இளைஞர்களுக்குச் சம்பளச் சீட்டில் பிடித்தம் தெரிகிறது, அதன் பயன் தெரிவதில்லை. ஊரில் இருக்கும், உங்களைச் சார்ந்து வாழும் அப்பா அம்மாவையும் இதில் பதிவு செய்யலாம். இன்றே செய்துவிடுங்கள்.

காய்ச்சல், சுகர், பிரஷர்: வீட்டருகே உள்ள நிலையம்

காப்பீட்டு அட்டை மருத்துவமனையில் சேர்த்துச் செய்யும் சிகிச்சைக்கானது. மாதாமாதம் வாங்கும் மாத்திரைக்கு அது உதவாது. குடும்பத்தை மெல்ல மெல்லக் கரைப்பதோ அந்த மாத்திரைச் செலவுதான். தேசிய சுகாதாரக் கணக்குகளின்படி, 2013-14-இல் இந்தியாவின் மொத்தச் சுகாதாரச் செலவில் 64.2 சதவீதத்தை மக்கள் கையிலிருந்து கொடுத்தார்கள். 2021-22-இல் அது 39.4 சதவீதமாகக் குறைந்தது. இன்னும் கையிலிருந்து போவதில் பெரும்பகுதி மருந்துக்கும் வெளிநோயாளி சிகிச்சைக்கும்தான். அதைக் குறைக்கும் இடம் ஆரம்ப சுகாதார நிலையம்.

சுகர், பிரஷர் உள்ளவர்களுக்கு நான் முதலில் சொல்வது பக்கத்து பி.எச்.சி.யைத்தான். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பதிவு செய்தால், நடக்க முடியாத பெரியவர்களுக்கு மாத்திரை வீட்டுக்கே வரும். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வலிநிவாரணச் சிகிச்சையும் பிசியோதெரபியும் வீட்டிலேயே கிடைக்கும்.

தனியார் மருத்துவரிடம்தான் பார்ப்பேன் என்பவர்களுக்கு ஒரு நடுவழியும் உண்டு. மக்கள் மருந்தகங்களிலும், 2025 பிப்ரவரியில் திறக்கப்பட்ட முதல்வர் மருந்தகங்களிலும் அதே மருந்தை ஜெனரிக் பெயரில் மிகக் குறைந்த விலைக்கு வாங்கலாம். சீட்டில் மருந்தின் மூலப்பெயரை எழுதித் தரும்படி மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்.

பிரசவம்: அரசு நிலையத்தை முதலில் யோசியுங்கள்

கர்ப்பம் உறுதியானதும் கிராம சுகாதாரச் செவிலியரிடம் பதிவு செய்து பிக்மி எண் வாங்குங்கள். பிரசவத்தை எங்கே பார்த்தாலும், பிறப்புச் சான்றிதழுக்கு அந்த எண் வேண்டும். தகுதியுள்ள ஏழைக் குடும்பத்துத் தாய்மார்களுக்கு, 1987-இல் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் ரொக்கமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாக 18,000 ரூபாய் மதிப்புள்ள உதவி கிடைக்கிறது. அதற்கும் இந்தப் பதிவுதான் அடிப்படை.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரு கணக்கை மனதில் வையுங்கள். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் தனியார் மருத்துவமனைப் பிரசவங்களில் ஏறக்குறைய 64 சதவீதம் சிசேரியன். அரசு மருத்துவமனைகளில் அது 36 சதவீதம். சிக்கலான கர்ப்பங்கள் பெரும்பாலும் அரசு மருத்துவமனைக்கே அனுப்பப்படுகின்றன, அப்படியிருந்தும் இந்த அளவு. சிக்கல் இல்லாத பிரசவத்துக்கு 24 மணி நேர ஆரம்ப சுகாதார நிலையம் போதும். இரத்த அழுத்தம், இரட்டைக் குழந்தை, முந்தைய சிசேரியன் என்று எது இருந்தாலும், மருத்துவர் சொல்வதற்குக் காத்திராமல், அறுவை அரங்கும் இரத்த வங்கியும் உள்ள பெரிய மருத்துவமனையை மாதங்களுக்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள்.

ஆபரேஷன்: பெரிய ஆஸ்பத்திரியா, அட்டையோடு தனியாரா?

அதிகம் குழம்ப வைப்பது இந்தத் தேர்வு. இதய அறுவை, மூட்டு மாற்று, புற்றுநோய் சிகிச்சை போன்றவற்றை இரண்டு இடத்திலும் அட்டையில் செய்யலாம். முடிவெடுக்க நான்கு விஷயங்களை எடை போடுங்கள்.

காத்திருப்பு: மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் கூட்டம் அதிகம், தேதி தள்ளிப்போகலாம். தள்ளிப்போட முடியாத நோயென்றால், அட்டை செல்லும் தனியார் மருத்துவமனை நல்ல வழி. மூட்டு மாற்றுபோலக் காத்திருக்கக் கூடியதென்றால் அரசு மருத்துவமனையை விட்டுவிடாதீர்கள்.

அனுபவம்: எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையும், கீழ்ப்பாக்கம் மருத்துவமனையின் தீக்காயப் பிரிவும், ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையும் பார்க்கும் நோயாளிகளின் எண்ணிக்கைக்கு எந்தத் தனியாரும் பக்கத்தில் வர முடியாது. விஷம் குடித்தவர், தீக்காயம் பட்டவர், சிக்கலான நோயோடு பிறந்த குழந்தை ஆகியோருக்கு இந்த அனுபவமே உயிர். 2023 ஜூனில் கிண்டியில் 1,000 படுக்கைகளோடு கலைஞர் நூற்றாண்டு உயர் சிறப்பு மருத்துவமனை திறக்கப்பட்டதும் ஒரு பெரிய வாய்ப்பு.

அட்டைக்கு வெளியே போகும் செலவு: தனியாரில் சிகிச்சை இலவசமாகவே முடியலாம், ஆனால் அதற்குப் பிறகு வரும் ஆலோசனைகளுக்கும் மாத்திரைக்கும் நீங்கள்தான் கட்ட வேண்டியிருக்கும். அரசு மருத்துவமனையில் அதுவும் இலவசமாகத் தொடரும். புற்றுநோய்போல ஆண்டுக்கணக்கில் நீளும் நோய்க்கு இதுவே தீர்மானிக்கும் காரணம்.

கூட இருப்பவரின் பாடு: நோயாளியோடு யார் தங்குவது, அவருக்குக் கூலி எத்தனை நாள் போகும், பஸ் செலவு எவ்வளவு என்பதையும் கணக்கில் சேருங்கள். இலவச சிகிச்சையும் தொலைவில் இருந்தால் செலவு வைக்கும்.

அரசு மருத்துவமனையில் சேர்ந்தாலும் காப்பீட்டு அட்டையைக் காட்டுங்கள். 'இங்கேதான் எல்லாம் இலவசமாச்சே' என்று பையிலேயே வைத்துவிடாதீர்கள். அட்டையில் நடக்கும் சிகிச்சைக்கான தொகை அந்த மருத்துவமனைக்கு வருகிறது. கருவி வாங்கவும் வார்டைச் சீரமைக்கவும் அது பயன்படுகிறது. சிகிச்சை செய்த குழுவுக்கும் அதில் ஊக்கத்தொகை உண்டு. உங்களுக்கு ஒரு பைசா செலவில்லாமல் அடுத்து வரும் நோயாளிக்கு நீங்கள் செய்யக்கூடிய உதவி அது.

தனியாரில் சேரும் முன் கேட்க வேண்டியவை

1. இந்த மருத்துவமனை காப்பீட்டுத் திட்டத்தில் இருக்கிறதா, உங்கள் நோய்க்கான துறைக்கும் அனுமதி இருக்கிறதா? இதயத்துக்கு அனுமதி பெற்ற இடத்தில் சிறுநீரகத்துக்கு இல்லாமல் இருக்கலாம்.

2. சொல்லப்படும் சிகிச்சை திட்டத்தின் பட்டியலில் உள்ளதா?

3. காப்பீட்டு நிறுவனத்தின் முன் அனுமதி வந்துவிட்டதா? வருவதற்கு முன் பணம் கட்டச் சொன்னால் காரணத்தைக் கேளுங்கள்.

4. குடும்பத்துக்கு இந்த ஆண்டு மீதித் தொகை எவ்வளவு? 5 லட்சம் ஒரு ஆளுக்கு அல்ல, குடும்பம் முழுமைக்கும்.

5. அறை, சாப்பாடு, மருந்து, பரிசோதனை எல்லாம் பேக்கேஜுக்குள் வருகின்றனவா? கூடுதல் பணம் கேட்டால் ரசீது கேளுங்கள். 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் புகார் சொல்லுங்கள்.

அட்டை இல்லாதவர்கள் ரேஷன் அட்டை, ஆதார், வருமானச் சான்று ஆகியவற்றோடு ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள பதிவு மையத்துக்குப் போகலாம். ஆரோக்கியமாக இருக்கும்போதே போய்விடுங்கள். ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டு வருமானச் சான்றுக்கு அலைவது பெரிய கொடுமை.

அவசரம் என்றால் தேர்வே வேண்டாம்

நிதானமாக ஒப்பிடுவதெல்லாம் நேரம் இருக்கும்போதுதான். நெஞ்சுவலி, பக்கவாதம், விபத்து, பாம்புக்கடி என்றால் 108-ஐ அழையுங்கள், அருகில் இருக்கும் தகுந்த இடத்துக்குப் போங்கள்.

நெஞ்சுவலிக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் மாத்திரைகளைக் கொடுத்துவிட்டுப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் 'இதயம் காப்போம்' திட்டம் 2023 ஜூன் முதல் உள்ளது. பக்கவாதத்தில் இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் அவகாசம். எனவே ஸ்கேன் வசதி உள்ள மருத்துவமனைக்கே நேராகப் போக வேண்டும். பாம்புக்கடிக்கும் நாய்க்கடிக்கும் மந்திரம், பச்சிலை என்று ஒரு நிமிடமும் போகக் கூடாது. அரசு நிலையங்களில் அதற்கான ஊசி இலவசம்.

சாலை விபத்துக்கு, 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' உண்டு. அடிபட்டவர் எந்த ஊராராக இருந்தாலும், அட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும், திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சையின் செலவை நிர்ணயித்த வரம்பு வரை அரசு ஏற்கிறது. பணத்தை நினைத்துத் தயங்கி யாரும் அடிபட்டவரைச் சாலையில் விட்டுவிட வேண்டியதில்லை.

சுருக்கமாக

அன்றாட நோய்க்கும் நீடித்த நோய்க்கும் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம். சிக்கல் இல்லாத பிரசவத்துக்கும் அதுவே. ஈ.எஸ்.ஐ. இருந்தால் சிகிச்சையோடு சம்பள இழப்பீட்டையும் விடாமல் கேட்டு வாங்குங்கள். காத்திருக்க முடிகிற ஆபரேஷனுக்கும், புற்றுநோய்போல ஆண்டுக்கணக்கில் நீளும் நோய்க்கும் அட்டையோடு அரசு மருத்துவமனை. காத்திருக்க முடியாததற்கு அட்டையோடு தனியார். உயிர் போகும் அவசரத்துக்கு 108.

இவை எதுவும் யாரும் போடும் பிச்சை அல்ல. தீப்பெட்டி வாங்கும்போதும் நாம் கட்டும் வரியில் நடப்பவை. மருந்து இல்லை, மருத்துவர் இல்லை என்றால் 104-இல் சொல்லுங்கள், கிராமசபையில் எழுந்து கேளுங்கள். கேட்பவர்கள் இருக்கும் ஊரில்தான் சுகாதார நிலையம் ஒழுங்காக நடக்கும். வசதி வந்ததும் நாமெல்லாம் அங்கிருந்து விலகிப் போய்விட்டால், போக வேறு வழியில்லாதவர்களுக்காகப் பேச ஆள் இருக்காது.