புழைக்கடை வாவியும் வற்றிய குட்டையும்

திருப்பாவையின் 14ஆம் பாசுரத்தில், பொழுது விடிந்தமைக்கு அடையாளமாக, வீட்டின் புழைக்கடைத் தோட்டத்து வாவியைக் காட்டியருளுகிறாள் ஆண்டாள் நாச்சியார். அங்கே செங்கழுநீர் மலர, ஆம்பல் கூம்புகிறது. இது கவிமரபு மாத்திரமன்று. வெள்ளாம்பல் அந்தியில் அவிழ்ந்து, இரவெல்லாம் விரிந்திருந்து, வெயில் ஏறுகையில் இதழ் மூடுவதை இன்றும் காணலாம். மூடுவது வாட்டத்தால் அன்று. அதே பூ மறுநாள் இரவும் அவிழும். சில நாள் இவ்வாறு கழிந்தபின் காம்பு நீருக்குள் தாழ, காய் அங்கேயே முற்றும்.

காலமும் பொருந்துகிறது. தமிழகத்தில் மழையையே நம்பிய குட்டைகள் ஐப்பசி, கார்த்திகையில் நிறைந்து மார்கழியில் பூத்துக் கிடக்கும். மும்மாரியை வேண்டும் 3ஆம் பாசுரத்திலும் குவளைப் போதில் வண்டு உறங்குகிறதன்றோ!

பங்குனி, சித்திரையில் அக்குட்டை பாளம் பாளமாக வெடித்துவிடும். ஆயினும் ஆம்பற்கிழங்கும் கொட்டிக்கிழங்கும் சேற்றின் அடியில் உயிரோடு இருக்கும். ஔவையார் மூதுரையில், வற்றிய குளத்தை விட்டு நீங்காதவையாகக் கொட்டி, ஆம்பல், நெய்தல் மூன்றையும் சொன்னது இதனாலேயே. ஆரைக்கீரையின் செய்தி இன்னும் வியப்பானது. நான்கிலை கொண்ட அச்செடி பூப்பதேயில்லை, பெரணி இனத்தது. மிளகினும் சிறிய, கடினமான அதன் வித்துறை பல்லாண்டுகள் உலர்ந்து கிடந்தும் நீர் பட்டால் முளைக்கும்.

இதனை அறியாமல் நாம் செய்த பிழை ஒன்றுண்டு. வங்கிப் பணியில் இருந்தபோது, ஒரு சித்திரையில், வீட்டுக்கடனுக்காக ஒரு மனையைப் பார்வையிடச் சென்றோம். தோட்டத்தின் பின்புறம் தாழ்ந்த குழி, வெடித்த தரை. 'தரிசு, நீர்நிலை இல்லை' என்று அறிக்கை எழுதிக் கையொப்பமிட்டோம். கடன் கிடைத்தது; குழியை மண்ணிட்டு மேடாக்கினர். மார்கழியில் மீண்டும் சென்றபோது, வேலியோரம் தூர்க்காமல் விட்ட சிறு பள்ளத்தில் மழைநீர் தேங்கி ஆம்பல் இலைகள் மிதந்தன. பூவும் ஒன்று இருந்தது. பகல் 11 மணி ஆகிவிட்டமையால் கூம்பியிருந்தது. அப்பள்ளத்தையும் அடுத்த வாரம் மூடிவிடுவதாக வீட்டுக்காரர் மகிழ்ச்சியோடு சொன்னார். அவருக்கு என்ன மறுமொழி சொல்வது என்று நமக்குத் தெரியவில்லை.

திருப்பாவை சந்தை சொல்லிக்கொடுக்கும் அன்பர்கள், அருகில் குட்டை இருப்பின், குழந்தைகளை மார்கழி விடியலில் ஒருமுறையும் உச்சிவேளைக்கு முன் ஒருமுறையும் அழைத்துச் செல்லலாம். அதே இடத்தைச் சித்திரையிலும் காட்டுதல் நலம்.