உறக்கத்தில் தடைப்படும் மூச்சு

விடுமுறையில் ஊருக்குச் செல்கிறோம். இரவில் தாத்தாவின் குறட்டை ஒலி வீடெங்கும் கேட்கிறது. "கும்பகருணனைப் போல ஆழ்ந்து உறங்குகிறார்" என்று நாம் கேலி செய்கிறோம். ஆனால், குறட்டை எப்போதும் நல்லுறக்கத்தின் அடையாளம் அன்று. உரத்த குறட்டை திடீரென நின்று, சில நொடிகள் அமைதி நிலவி, பின்னர்த் திணறலுடன் மூச்சு மீளுமாயின், அது ஒரு நோயின் அறிகுறியாக இருக்கலாம். அந்நோயை 'உறக்க மூச்சுத்தடை' என்பர். ஆங்கிலத்தில் இது 'ஸ்லீப் ஆப்னியா' எனப்படும்.

மூச்சு ஏன் தடைப்படுகிறது?

நாம் உறங்கும்போது நாக்கு, தொண்டை ஆகியவற்றின் தசைகள் தளர்கின்றன. சிலருக்கு அவை தொண்டையிலுள்ள மூச்சுப்பாதையை அடைத்துவிடும். மார்பும் வயிறும் மூச்சை இழுக்க முயலும். காற்றோ உள்ளே செல்லாது. மூச்சு 10 நொடியேனும் நின்றால், மருத்துவர்கள் அதனை ஒரு தடையாகக் கணக்கிடுவர். நோய் முற்றியவர்க்கு ஒரு மணி நேரத்தில் 30 முறைக்கு மேலும் மூச்சு நிற்கலாம் அல்லது குறையலாம். உடல் பருமன் உடையோர்க்கு இந்நோய் மிகுதியாக வரும், மெலிந்தவர்க்கும் வருவதுண்டு. சிறுவர்களுக்குத் தொண்டையில் டான்சில் பெருத்திருப்பதாலும் இது நேரும்.

இதயத்திற்கு என்ன நேர்கிறது?

பகலெல்லாம் உழைக்கும் இதயம் இரவில் சற்றே இளைப்பாறும். துடிப்பு குறையும், இரத்த அழுத்தமும் பகலைவிட 10 முதல் 20 விழுக்காடு வரை தாழும். இந்நோய் உடையவர்க்கு இவ்வோய்வு கிட்டுவதில்லை. மூச்சு நின்றதும் இரத்தத்தில் ஆக்சிஜன் குறைகிறது. ஆபத்தை உணர்ந்த மூளை அவரை ஒரு கணம் விழிக்கச் செய்கிறது. அட்ரினலின் சுரக்கிறது, இரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன, இதயம் விரைந்து துடிக்கிறது, இரத்த அழுத்தம் உயர்கிறது. மூச்சு மீள்கிறது. மீண்டும் உறக்கம், மீண்டும் தடை!

இந்நிலை இரவுதோறும் தொடர்ந்தால், பகலிலும் இரத்த அழுத்தம் உயர்ந்தே நிற்கும். சீரற்ற இதயத்துடிப்பு, இதயச் செயலிழப்பு, மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவை இந்நோய் உடையவரிடம் மிகுதியாகக் காணப்படுகின்றன. பகலில் வண்டி ஓட்டும்போது கண்ணயர்ந்து விபத்துக்கு உள்ளாவோரும் உண்டு.

மருத்துவம்

ஓர் இரவு முழுவதும் மூச்சு, ஆக்சிஜன் அளவு, இதயத்துடிப்பு முதலியவற்றைப் பதிவு செய்து இந்நோயைக் கண்டறிவர். இதற்கு 'உறக்க ஆய்வு' என்று பெயர். 1981ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் தம் குழுவினருடன் ஒரு சிகிச்சை முறையை வெளியிட்டார். ஒரு கருவி முகமூடி வழியாகக் காற்றை மெல்லிய அழுத்தத்துடன் செலுத்தும். அதனால் மூச்சுப்பாதை மூடாமல் இருக்கும். உடல் எடையைக் குறைத்தல், ஒருக்களித்துப் படுத்தல், மதுவை விலக்கல் ஆகியவையும் பயன் தரும்.

நாம் செய்ய வேண்டுவது

மாணவர்களே! உறங்குபவர் தம் மூச்சு நிற்பதை அறியார். காலையில் தலைவலியும் சோர்வும் மட்டுமே அவருக்குத் தெரியும். அருகில் படுத்திருப்பவரே அதனை அறிவார். ஆகவே, கேலியை விடுத்து, கண்டதைப் பெற்றோரிடம் கூறுங்கள். மருத்துவரிடம் அழைத்துச் செல்லத் துணை நில்லுங்கள்.

சொற்பொருள்

விழுக்காடு – நூற்றுக்கு இவ்வளவு என்னும் அளவு
இளைப்பாறுதல் – ஓய்வெடுத்தல்
கண்ணயர்தல் – தூங்கிவிடுதல்

பயிற்சி

1. பிரித்து எழுதுக: இவ்வோய்வு, நல்லுறக்கம்.
2. மூச்சு நின்றதும் உடலில் நிகழும் மாற்றங்களை வரிசைப்படுத்தி எழுதுக.
3. நோயுற்றவரைவிட அருகில் இருப்பவரே இந்நோயை முதலில் அறிவது ஏன்?
4. உன் தாத்தாவுக்கு இவ்வறிகுறிகள் இருப்பின், மருத்துவரைக் காணுமாறு அவரிடம் எவ்வாறு கூறுவாய்? ஐந்து தொடர்களில் எழுதுக.