ஒரு வார்த்தையால் வீடு போகுமா?



அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தில் நார்வுட் என்று ஒரு சின்ன ஊர். சுற்றிலும் சின்சினாட்டி நகரம். அங்கே கடைகள், அலுவலகங்கள், அடுக்குமாடி வீடுகள் கட்ட ஒரு கம்பெனி திட்டம் போட்டது. நிறைய பேர் வீட்டை விற்க ஒத்துக்கிட்டாங்க. சில பேர் மட்டும், "எங்க வீட்டைத் தரமாட்டோம்" என்று உறுதியாக நின்றார்கள்.

நகராட்சி ஓர் ஆய்வு நடத்தியது. அதற்குப் பணம் கொடுத்ததே அந்தக் கம்பெனிதான்! பிறகு அந்த இடத்தை "சீரழிந்து வரும் பகுதி" என்று அறிவித்தார்கள். அப்படி அறிவித்தால், இழப்பீடு கொடுத்து வீட்டைக் கட்டாயமாக எடுத்துக்கொள்ளலாம்.

வீடு இடிஞ்சா கிடந்தது? இல்லை. முட்டுச்சந்து இருக்கு, இடம் பல பேர் பெயரில் இருக்கு என்பதெல்லாம் குறையாம்! அப்படிப் பார்த்தால் நம்ம தெருவும் சீரழிந்த தெருதானே?

வீட்டுக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். 2006-ல் ஒஹையோ உச்ச நீதிமன்றத்தின் 7 நீதிபதிகளும் ஒரே மாதிரி தீர்ப்புச் சொன்னார்கள்:

1. "சீரழிந்து வரும்" என்ற சொல் தெளிவாக இல்லை. அதை வைத்து வீட்டை எடுக்க முடியாது.
2. ஊருக்கு வருமானம் கூடும் என்பது மட்டும் போதுமான காரணம் ஆகாது.

வீடுகள் அவர்களுக்கே திரும்பக் கிடைத்தன.

நாம் கற்றுக்கொள்வது: யாராவது "பொது நன்மை" என்று சொன்னால், "யாருக்கு நன்மை?" என்று கேட்போம்!

– 9-ஆம் வகுப்பு மாணவி